புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

வீட்டோடு ஒரு தொழில்



சென்ற இதழில் தங்கமீன் வளர்ப்பைத் தொடங்குவது எப்படி என்று எழுதி, "நோய்களைப் பற்றி அடுத்த மாதம் பார்ப்போம்" என முடித்திருந்தேன். புத்தகத்தைப் பார்த்து நான்கு நோய்களின் பெயரையும் நான்கு மருந்துகளின் பெயரையும் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது மனம் கேட்கவில்லை. கடந்த ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் நடந்ததைச் சொல்லாமல் மறைத்தால், உங்களில் யாராவது அதே பிழையைச் செய்துவிடக்கூடும். ஆகவே அதையே சொல்கிறேன்.

மாதர் சங்கத்தில் 15,000 ரூபாய் கடன் வாங்கித்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். நான்கு கண்ணாடித் தொட்டிகள், ஒரு காற்று மோட்டார், 36 தங்கமீன்கள். தங்கமீன் கெண்டை வகையைச் சேர்ந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன்பே சீனாவில் வீட்டு மீனாக வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். குளிரைத் தாங்கும் மீன் என்பதால், சூடாக்கும் கருவி இல்லாமலே எங்கள் மடுல்சீமைக் குளிரில் நன்றாக வளர்ந்தது. ஆறு மாதத்தில் கடனில் பாதியைக் கட்டிவிட்டேன்.

டிசம்பர் மாதம் பதுளைக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் வால் நீண்ட ஆறு மீன்களைக் கண்டேன். வெள்ளையும் சிவப்புமாக அவ்வளவு அழகு! வாங்கிக்கொண்டு பசறை வழியாக பஸ்ஸில் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. மழை வேறு. களைப்பில் பையை அவிழ்த்து, தண்ணீரோடு மீன்களைப் பெரிய தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். இதுதான் முதல் பிழை.

பத்து நாளுக்குள் மீன்கள் தொட்டியின் அடியிலும் கற்களிலும் உடம்பை உரசத் தொடங்கின. பிறகு செட்டையை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கின. ஒரு நாள் காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால், உடம்பு முழுக்க உப்புத் தூளைத் தூவிவிட்டதுபோல் வெள்ளைப் புள்ளிகள்! ஒரே வலையையும் வாளியையும் எல்லாத் தொட்டிகளுக்கும் பாவித்ததால் மற்ற மூன்று தொட்டிகளுக்கும் அது பரவிவிட்டது.

பக்கத்து லயத்து அக்கா, "கொஞ்சம் மஞ்சள் தூள் போடுங்க டீச்சர், எல்லாம் சரியாப் போகும்" என்றார். போட்டேன். தண்ணீர் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. உடனே பாதித் தண்ணீரை மாற்றினேன். பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு உப்புப் போட்டேன். ஐந்தாம் நாள் புள்ளிகள் எல்லாம் மறைந்துவிட்டன. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவேண்டுமா? தண்ணீரை மாற்றி, உப்பை நிறுத்தி, வழக்கம்போல் தீனி போட்டேன்.

அந்த வாரமே மேல் லயத்து அம்மாயி பேரனோடு வந்து இரண்டு மீன் கேட்டார். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் சித்தியடைந்தால் மீன் வாங்கித் தருவதாகப் பேரனுக்குச் சொல்லியிருந்தாராம். நல்ல மீனாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். காசும் வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் அம்மாயி தனியாக வந்து வாசலில் நின்றார். "டீச்சரம்மா, ஒங்க மீனு ரெண்டும் போச்சுங்க. மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா கெடந்துச்சு. புள்ள ராத்திரி சாப்பிடவே இல்ல" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று காலையில் என் தொட்டிகளிலும் புள்ளிகள் திரும்ப வந்திருந்தன. முதல் தடவையைவிட இரண்டு மடங்கு! நான் நோயைத்தான் விற்றிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

இந்த நோய் எது?

இதன் பெயர் வெள்ளைப்புள்ளி நோய். நன்னீர் மீன்களுக்கு வரும் ஒட்டுண்ணி நோய்களில் உலகம் முழுவதும் அதிகம் காணப்படுவது இதுதான். இதை உண்டாக்கும் உயிருக்கு ஒரே ஒரு கலம்தான். ஆனாலும் வளர்ந்தபின் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாகிறது. 1876இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்கு இக்தியோப்தைரியஸ் மல்டிபிலிஸ் என்று பெயர் வைத்தார். "பல பிள்ளைகளைப் பெற்ற மீன் பேன்" என்பது அதன் கருத்து. இது பேன் இல்லை என்றாலும், பிள்ளைகள் விஷயத்தில் அவர் சரியாகத்தான் சொன்னார். எப்படி என்று பாருங்கள்.

மீனின் மேல்தோலுக்கு உள்ளே புகுந்து, அங்கேயே தின்று வளர்வது முதல் கட்டம். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி இதுதான். தோல் மூடியிருப்பதால் எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்து முடிந்ததும் அது தானாகவே மீனை விட்டு விழுகிறது. இது இரண்டாம் கட்டம். தொட்டியின் அடியிலோ கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நூறு முதல் ஆயிரம் குஞ்சுகள் வரை பெருகிவிடும். மூன்றாம் கட்டத்தில் கூடு உடைந்து குஞ்சுகள் மீனைத் தேடி நீந்துகின்றன. இரண்டு மூன்று நாளுக்குள் மீன் அகப்படாவிட்டால் செத்துவிடும். உப்போ மருந்தோ கொல்வது இந்த மூன்றாம் கட்டத்தை மட்டும்தான்.

இப்போது என் "சந்தோஷத்தை" நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் நாள் புள்ளிகள் மறைந்தது நோய் தீர்ந்ததால் இல்லை. புள்ளிகள் மீனை விட்டு இறங்கித் தொட்டியின் அடியில் பிள்ளை பெறப் போயிருந்தன! சரியாக அந்த நேரம் பார்த்து நான் உப்பை நிறுத்திவிட்டேன்.

குளிர் செய்யும் கணக்கு

மீன்கள் மறுபடி விழுந்ததும் ஒரு மிருக வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டேன். நான் மருந்தின் பெயரைச் சொல்வார் என்று பேனாவோடு இருக்க, அவர் கேட்டது வேறு. "தண்ணி எத்தனை பாகை அம்மா?"

எனக்குத் தெரியவில்லை. மீன் தொட்டிக்கான கண்ணாடி வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தேன். காலையில் 17, பகலில் 21. சொன்னதும் அவர், "கொழும்புக்காரங்க சொல்ற கணக்கு உங்க ஊருக்குச் சரிவராது. அஞ்சு நாள் பத்தவே பத்தாது" என்றார்.

காரணம் இதுதான். தண்ணீர் 25 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் இந்த மூன்று கட்டங்களும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 15 பாகைக்கு இறங்கினால் பத்து நாளுக்கும் மேல் ஆகும். இன்னும் குளிர்ந்தால் ஒரு மாதத்தையும் தாண்டும். சூட்டில் நோய் வேகமாக வரும், வேகமாகவே முடிக்கலாம். குளிரில் மெதுவாக வரும், ஆனால் மெதுவாகத்தான் போகும். குளிரூரில் இருக்கும் நாம் பொறுமையைத்தான் மருந்தாகக் கொள்ளவேண்டும்.

நான் செய்த சிகிச்சை

முதலில் தொட்டியின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். வாளியால் அளந்து ஊற்றினால் எத்தனை லீற்றர் என்று தெரிந்துவிடும். குத்துமதிப்பாகப் போடுவதால்தான் பல மீன்கள் நோயால் இல்லாமல் மருந்தால் சாகின்றன.

ஒரு லீற்றருக்கு 3 கிராம் கல்லுப்பு என்பது கணக்கு. என் பெரிய தொட்டி 60 லீற்றர். ஆகவே 180 கிராம். கடையில் 60 கிராம் வீதம் மூன்று பொட்டலமாக நிறுத்து வாங்கிக்கொண்டேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று என்று வேறு பாத்திரத்தில் கரைத்து மெதுவாக ஊற்றினேன். ஒரேயடியாகப் போடக்கூடாது. தண்ணீர்ச் செடிகள் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். உப்பில் அவை கருகிவிடும்.

இரண்டு நாளுக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை அடியிலிருந்து குழாயால் உறிஞ்சி எடுத்தேன். கூடுகள் அடியில்தானே இருக்கின்றன! 15 லீற்றர் எடுத்தால், புதிதாக ஊற்றும் 15 லீற்றருக்கு மட்டும் 45 கிராம் உப்புப் போடவேண்டும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் அதற்கு உப்புச் சேர்க்கக்கூடாது. தண்ணீர்தான் போகுமே தவிர உப்புப் போகாது. ஊற்றும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே குளிரில் இருக்கவேண்டும். பீலித் தண்ணீரை முதல் நாளே பிடித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றாலும் ஒரு நாள் திறந்து வைத்திருந்து பாவிப்பது நல்லது. தேயிலை மலைக்கு மருந்து அடித்த நாட்களில் ஓடைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மிகவும் மோசமாக இருந்த எட்டு மீன்களுக்கு வேறொரு வழி செய்தேன். இதற்கு மருந்தே தேவையில்லை. இரண்டு பெரிய பிளாஸ்டிக் பேசின்கள் போதும். மீன்களை ஒரு பேசினில் விட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு மற்றப் பேசினுக்கு மாற்றவேண்டும். முதல் பேசினைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைக்கவேண்டும். மீனிலிருந்து விழுந்த கூடுகள் குஞ்சு பொரிக்குமுன் பேசினோடு காய்ந்து செத்துவிடும். மழை நாட்களில் அடுப்படியில் வைத்துக் காய்த்தேன். ஈரம் கொஞ்சமும் இருக்கக்கூடாது. சூடான ஊரில் ஏழெட்டு நாள் போதும் என்கிறார்கள். நான் 24 நாள் மாற்றினேன். கை ஓய்ந்துபோனது உண்மை. எட்டில் ஐந்து பிழைத்தன.

தொட்டிகளில் உப்பை, கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து இன்னும் மூன்று வாரம் வைத்திருந்தேன். அந்த நாட்களில் தீனியைப் பாதியாகக் குறைத்தேன். காற்று மோட்டாரை இரவிலும் நிறுத்தவில்லை. மின்சாரம் போனால் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினேன். இந்த நோய் பூவையும் தாக்குவதால் மீனுக்கு மூச்சுக் கஷ்டம் அதிகம். சில மீன்களுக்கு வெளியில் ஒரு புள்ளியும் இருக்காது. பூவில் மட்டும் இருக்கும். மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதையும் சந்தேகப்படவேண்டும்.

சூடாக்கும் கருவி வாங்க வசதியுள்ளவர்கள் தண்ணீரை நாளுக்கு இரண்டு பாகையாக 27, 28 வரை ஏற்றினால் சிகிச்சைக் காலம் குறையும். ஆனால் சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு என்பதால் காற்று கட்டாயம் வேண்டும். தண்ணீரில் கை வைக்குமுன் கருவியின் பிளக்கைக் கழற்ற மறக்காதீர்கள்.

கடை மருந்து பற்றி

உப்புக்கு அடங்காத நோய்க்குக் கடைகளில் நீல நிறத்திலும் பச்சை நிறத்திலும் போத்தல் மருந்துகள் விற்கிறார்கள். நீலம் பெரும்பாலும் மெதிலீன் புளூ. பச்சை மலகைட் கிறீன். மலகைட் கிறீன் இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அது புற்றுநோய் அச்சம் உள்ள இரசாயனம். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உண்ணும் மீனுக்கு அதை அனுமதிப்பதில்லை. ஆகவே கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் அதன் பக்கமே போகவேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். போத்தலில் எழுதியிருக்கும் அளவுக்கு ஒரு துளியும் கூட வேண்டாம். எந்த மருந்தாக இருந்தாலும், மேலே சொன்ன குளிர்க் கணக்கு அதற்கும் பொருந்தும்.

இன்னொன்று. எல்லா வெள்ளைப் புள்ளியும் நோய் ஆகாது. ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் பூ மூடியிலும் முன் செட்டையின் ஓரத்திலும் வரிசையாகச் சின்ன வெள்ளை மணிகள் தோன்றும். மீன் சுறுசுறுப்பாக இருந்து, புள்ளி அந்த இடங்களில் மட்டும் இருந்தால், அது மாப்பிள்ளைக் களை! மருந்து வேண்டாம். அதேபோல், உடம்பில் நூல் போல ஒன்று தொங்கினால் அது நங்கூரப் புழு. வெள்ளைப்புள்ளிக்குப் போடும் உப்பு அதற்குப் போதாது. மிருக வைத்தியரிடம் கேட்டுத்தான் மருந்து போடவேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் மீன் நோய்களை ஆராய்கிறார்கள்.

நம் கையையும் பார்ப்போம்

வெள்ளைப்புள்ளி நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடிய வேறு கிருமிகள் தோல் காயத்தின் வழியாக உள்ளே போய், ஆறாத புண்ணை உண்டாக்கக்கூடும். கொழுந்து பறிக்கும் சகோதரிகளின் விரல்களில் எப்போதும் கீறலும் வெடிப்பும் இருக்கும். அப்படியான கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். விடத்தான் வேண்டும் என்றால் கையுறை போடுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளைக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீரை உறிஞ்ச விடவேண்டாம். நோய்த் தொட்டியின் தண்ணீரை ஓடையில் ஊற்றாமல், ஓடைக்குத் தூரமான காய்ந்த நிலத்தில் ஊற்றுங்கள். ஓடை மீன்களும் உயிர்கள்தானே!

வராமல் தடுக்க

புதிதாக வாங்கும் மீனை, எந்தக் கடையில் வாங்கினாலும், வேறு பாத்திரத்தில் தனியே வையுங்கள். நம் குளிருக்குக் குறைந்தது ஒரு மாதம். அதற்குத் தனி வலை, தனி வாளி. பையோடு மீனை அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்க வைத்து, பிறகு மீனை மட்டும் எடுத்து விடவேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. ஒரு தடவை நோய் வந்து பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகும். அது நன்றாக இருப்பதைப் பார்த்து "தொட்டி சுத்தமாகிவிட்டது" என்று ஏமாறாதீர்கள். புது மீன் வந்ததும் அதற்கு நோய் வரலாம்.

கடைசியில் 40 மீன்களில் 23 மிஞ்சின. கடன் கட்ட நான்கு மாதம் பிந்தியது. சங்கத்தில் எழுந்து நின்று காரணத்தைச் சொன்னேன்.

அம்மாயியிடம் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நோயுள்ள மீனைத் தெரியாமல் விற்றுவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் காசை வாங்கவில்லை. "தெரிஞ்சா குடுத்திருப்பீங்களா? மத்த மீனு பொழைச்சா புள்ளைக்கு ஒன்னு குடுங்க, போதும்" என்றார். இரண்டு மாதம் கழித்து, புள்ளி வராத மீன்களில் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரனுக்கு ஒரு வெப்பமானியும் வாங்கிக் கொடுத்தேன். தினமும் காலையில் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறான். இப்போது என்னிடம் மீன் வாங்குபவர்கள் எல்லோரிடமும் அவன்தான் கேட்கிறான், "தண்ணி எத்தனை பாகை?" என்று.

சகோதரிகளே, நம் வீடுகளிலும் இதைத்தானே செய்கிறோம்? காய்ச்சல் விட்டதும் வைத்தியர் தந்த மாத்திரையில் பாதியை அலுமாரியில் வைத்துவிடுகிறோம். காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் மருந்து என்றால், இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் கிளினிக் போவதை நிறுத்திவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மறைவது வேறு, நோய் தீர்வது வேறு. இதை நான் கற்றுக்கொள்ள 17 மீன்களும் ஒரு பிள்ளையின் கண்ணீரும் செலவாயின. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

அடுத்த மாதம், தங்கமீன் முட்டைகளைக் காப்பாற்றிக் குஞ்சு வளர்ப்பது பற்றிப் பார்ப்போம்.